சுரங்கம் மாடிப்படிக்குக் கீழே

அரியலூர்க்காரரிடம் போய் 'மைனிங்' என்று சொன்னால் அவர் கண்முன் வருவது சுண்ணாம்புக்கல், வெடிச் சத்தம், புழுதி கிளப்பிக்கொண்டு வரிசையாகப் போகும் டிப்பர் லாரி. சிமெண்ட் ஆலையில் கில்ன் என்ற சூளையின் பக்கத்திலேயே நின்று ரிட்டையரான மாமாவுக்கும் அப்படித்தான். பெரம்பலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த தங்கையின் மகன் வீட்டிலேயே மைனிங் ஆரம்பித்துவிட்டான் என்று போனில் கேட்டதும், அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து இறங்கினார்.

"லீஸ் வாங்கிட்டியா மாப்ள? கனிமவளத்துறைக்காரன் வந்து நின்னா என்னத்தைக் காட்டுவ?"

"அய்யோ மாமா, இது பிட்காயின் மைனிங். தோண்டுறது இல்ல. கணக்குப் போடுறது."

"கணக்குப் போட்டா வாத்தியாருக்குக்கூட மாசக் கடைசியிலதான் சம்பளம். உனக்கு யார் தர்றா?"

மருமகன் பெங்களூரில் ஐடி வேலையை விட்டுவிட்டு வந்தவன். மாடிப்படிக்குக் கீழே, பழைய அரிசி டிரம்முக்குப் பக்கத்தில், ஷூ பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு பெட்டி. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆன்ட்மைனர் எஸ்9. 2016இல் வந்த மாடல். உள்ளே 189 சிப்புகள், முன்னும் பின்னும் இரண்டு விசிறிகள். சத்தம், நிறுத்த ஆளில்லாமல் ஓடும் மிக்ஸி மாதிரி. பெட்டியின் பின்புறத்திலிருந்து வெள்ளி நிறக் குழாய் ஒன்று கிளம்பி, ஜன்னல் வழியே தோட்டத்துக்குப் போய், வெங்காயப் பட்டறையின் அடியில் முடிந்தது.

மருமகன் விளக்கினான். இந்தப் பெட்டி நொடிக்குப் பதிமூன்றரை லட்சம் கோடி முறை ஊகம் செய்யும். உலகம் முழுக்க இதுபோல லட்சக்கணக்கான பெட்டிகள். சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாரோ ஒருவருடைய ஊகம் சரியாக விழும். அவருக்கு மூன்றே கால் காயின் பக்கம் பரிசு. சரியாகச் சொன்னால் 3.125. 2024 ஏப்ரல் வரை இதைப்போல இரண்டு மடங்கு இருந்தது.

"ஆக, லாட்டரி."

"டெக்னாலஜி மாமா."

"தமிழ்நாட்டுல லாட்டரியை 2003லயே தடை பண்ணியாச்சு. அப்பவாவது சீட்டு வாங்குனவன் வீட்டுல கரண்ட் பில் ஏறல."

இங்கேதான் மருமகன் தன் துருப்புச் சீட்டை இறக்கினான். தோற்ற ஊகத்துக்கும் கூலி உண்டாம். பெட்டி இழுக்கும் 1,300 வாட் மின்சாரமும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. அந்தச் சூட்டைப் பிடித்து வேலை வாங்கினால் கரண்ட் காசு வீணில்லை. பிரான்சில் 2018லேயே அறையைச் சூடாக்கும் மைனிங் ஹீட்டரை ஒரு கம்பெனி விற்றது. நியூயார்க்கில் ஒரு குளியல் நிலையம் இந்த மெஷின் சூட்டில்தான் வெந்நீர்த் தொட்டியை வைத்திருக்கிறது. நெதர்லாந்தில் டியூலிப் பூக்கூடாரத்துக்கே இதுதான் கணப்பு. ஃபின்லாந்தில் 11,000 பேர் வாழும் ஒரு பகுதிக்கு இந்தச் சூட்டைக் குழாய் வழியே அனுப்பும் திட்டம் 2024இல் தொடங்கியது.

அவன் சொன்ன இயற்பியலில் ஒரு பிசகும் இல்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். ஹீட்டரில் போன ஒரு யூனிட்டும் மைனரில் போன ஒரு யூனிட்டும் தரும் சூடு ஒன்றுதான். எப்படியும் ஹீட்டர் போட வேண்டிய வீட்டில், மைனர் என்பது கொஞ்சம் சில்லறையும் தரும் ஹீட்டர். மாமாவும் தலையாட்டினார். அப்புறம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். மே மாதம். தார் ரோடு நெளிந்தது.

"ஃபின்லாந்துல இன்னிக்கு வெயில் எவ்வளவு மாப்ள?"

மருமகன் பதில் சொல்லாமல் மாற்றுத் திட்டத்துக்குத் தாவினான். குளிக்க வெந்நீர். மாமா தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்துப் பென்சிலை எடுத்தார். நூறு லிட்டர் தண்ணீரைக் குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர இரண்டு யூனிட் போதும். பெட்டி ஒரு நாளைக்குத் தருவது 31 யூனிட். ஆயிரத்து ஐந்நூறு லிட்டர் வெந்நீர்!

"வீட்டுல இருக்குறது மூணு பேரு. கல்யாண மண்டபம் ஏதும் எடுத்து நடத்தப் போறியா? பெரம்பலூர்ல சித்திரையில மாடித் தொட்டித் தண்ணியே கையை வைக்க முடியாது, உனக்குத் தெரியாததா?"

"அப்ப மக்காச்சோளம் காய வைக்கலாம். நம்ம மாவட்டம்தானே அதுல முன்னணி?"

"வைக்கலாம். நூறு கிலோவை இருபது சதம் ஈரத்துலேருந்து பதினாலுக்குக் கொண்டுவர ஏழு லிட்டர் தண்ணி போகணும். உன் பெட்டி ஏழெட்டு மணி நேரம் மூச்சு வாங்கும். ரோட்டோரம் கொட்டி வெச்சா சூரியன் எத்தனை மூட்டையைக் காய வெக்கிறான்? பில் அனுப்புறானா? மழைக்குப் பயமா இருந்தா வேளாண்மைப் பொறியியல் துறையில சோலார் உலர்த்திக் கூடாரத்துக்கு மானியம் குடுக்குறாங்க, எழுதிப் போடு."

மாமா சூட்டுக்கு விரோதி இல்லை. வாழ்நாள் முழுக்க அதைத் தின்று வளர்ந்தவர். கில்னுக்குள் 1,450 டிகிரியில் சுண்ணாம்புக்கல் வெந்து கிளிங்கராக உருண்டு வரும். கூலரில் அதன்மேல் ஊதிய காற்று சூடேறி, திரும்பக் கில்னுக்கே எரிக்கப் போகும். ப்ரீஹீட்டரைத் தாண்டி வரும் புகை முந்நூறு டிகிரிக்கு மேல் இருக்கும். அது அரைக்கிற கல்லின் ஈரத்தை உலர்த்தும். அதற்கும் மிஞ்சியதைக் கொண்டு நாட்டில் பல ஆலைகள் கொதிகலன் வைத்து மின்சாரமே எடுக்கின்றன.

"சூடுன்னா அளவு மட்டும் இல்ல மாப்ள, தரமும் இருக்கு. எங்க சூட்டுக்கு முன்னால எப்பவும் ஒரு வாய் திறந்து நிக்கும். உன் சூடு அம்பது அறுபது டிகிரி. அதைத் தின்ன இந்த ஊர்ல யாருக்கும் பசி இல்ல. ஊட்டியில வீடு இருந்தா சொல்லு, நானே வந்து குழாய் மாட்டித் தர்றேன்."

கடைசியில் பேச்சு பில்லுக்கு வந்தது, மாமா ஈபி கார்டைக் கேட்டார். பெட்டி மட்டும் இரண்டு மாதத்துக்கு 1,872 யூனிட். வீட்டு லைட், ஃபேன், ஃப்ரிட்ஜ் எதையும் சேர்க்கவில்லை. இலவச 100 யூனிட்டைக் கழித்து, 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி ஒவ்வொரு படியாக ஏறி, ஆயிரத்துக்கு மேல் யூனிட் 11.80 என்று போட்டால், 17,300 ரூபாய்.

வரவு? உலகத்து மைனிங் வேகம் 2025இல் நொடிக்கு நூறு கோடி டெராஹாஷை நெருங்கிவிட்டது. ஒரு டெராஹாஷ் என்றால் லட்சம் கோடி ஊகம்; இவனுடையது பதிமூன்றரை டெராஹாஷ். நாளொன்றுக்கு 450 காயின் என்ற மொத்தப் பரிசில் இவன் பங்கு சராசரியாக இரண்டு மாதத்துக்கு 0.00036 காயின். காயின் ஒரு கோடி ரூபாய்க்குப் போகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 3,600 ரூபாய். விற்றால் 30 சதவீத வரி, அதன்மேல் செஸ். மைனிங் மெஷினுக்குப் போட்ட காசைச் செலவாகக் கழிக்க முடியாது என்று 2022லேயே நாடாளுமன்றத்தில் நிதியமைச்சகம் சொல்லிவிட்டது. கையில் நிற்பது சுமார் 2,500 ரூபாய்.

"இதுக்கு நீ பக்கத்துல காரை கிராமத்துப் பள்ளத்துல போய் உக்காந்திருந்தா, பத்துக் கோடி வருசத்துக்கு முந்தின கடல் சிப்பியாவது கண்ணுல படும்."

மருமகன் குரலைத் தாழ்த்தினான். "கெணத்து மோட்டாருக்கு இலவச கரண்ட் வருது மாமா. மோட்டார் ஷெட்டுல மாட்டிட்டா..."

மாமா சிரிப்பை நிறுத்தினார். விவசாயத்துக்கென்று கொடுத்த இணைப்பை வேறு வேலைக்குத் திருப்பினால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவில் அதற்குப் பெயர் திருட்டு. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

"காயின் வரும்னு சொன்ன. மாமியார் வீட்டுக்கும் வழி இருக்குன்னு சொல்லலையே."

பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். மாமா எழுந்து தோட்டத்துப் பக்கம் போனதுதான் வினை. பட்டறைக்குள் கையை விட்டு ஒரு பிடி வெங்காயத்தை அள்ளினார். வைகாசிப் பட்டத்துக்கு விதைக்கென்று தங்கை எடுத்துவைத்த சின்ன வெங்காயம். குழாய் வாய் இருந்த பக்கம் தோல் சுருங்கி, அழுத்தினால் உள்ளே போயிற்று. பட்டறையை மூங்கில் தப்பையில், நாலு பக்கமும் சந்து விட்டுக் கட்டுவதே காற்று புகுந்து போவதற்குத்தான். அதற்குப் போய் இரண்டு வாரமாக அனல் ஊதியிருக்கிறான்.

"அம்மாகிட்ட நான் சொல்லல. நீயே சொல்லிக்க" என்றார்.

இரவு மின்சாரம் நின்றபோது மாடிப்படிக்குக் கீழே முதல் தடவையாக அமைதி. மறுபடி கரண்ட் வந்தும் பெட்டி ஓடவில்லை. மறுநாள் காலையில் மருமகன் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருந்தான். மெஷினின் இரண்டு விசிறிகளும் 12 வோல்ட். பழைய டூவீலர் பேட்டரி ஒன்றும் சின்ன சோலார் பலகை ஒன்றும் போதும். இப்போது அவை பட்டறையின் வடபுறத்தில் கட்டப்பட்டு, மிச்சமிருக்கும் வெங்காயத்துக்குக் காற்று வீசிக்கொண்டிருக்கின்றன. 189 சிப்புகளும் அரிசி டிரம்மின் மூடிமேல் இருக்கின்றன.