பாய்லருக்கு முகூர்த்தம் குறித்த நிர்வாகத்துக்கு

பெறுநர்: சாயப்பட்டறை நிர்வாகம், திருப்பூர்.
பொருள்: வெள்ளிக்கிழமை காலை 9.15-க்குப் புது பாய்லரில் ஆவி எடுப்பது தொடர்பாக.



புதன்கிழமை லாரியில் வந்திறங்கும் விறகு பாய்லர், வெள்ளிக்கிழமை ராகு காலத்துக்கு முன்பே சாயத் தொட்டிக்கு ஆவி கொடுக்கும் என்று அழைப்பிதழ் அச்சடித்திருக்கிறீர்கள். தண்ணீருக்கும் இரும்புக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்பிவிட்டால் ஏற்பாடு முழுமையாகும். ஏனெனில், இடையில் நீங்கள் வெட்டி எறிந்த தயாரிப்பு நாட்களைக் கேட்பது இன்ஜினியர் அல்ல, அவைதான். புதிதாகக் கட்டிய அடுப்புச் செங்கலில் ஈரம் இருக்கிறது. சிறு தீயில் பல நாள் உலர்த்தாமல் எரித்தால் அந்த ஈரமே ஆவியாகிச் செங்கலைப் பிளக்கும். குழாய்களில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. கார நீரைக் கொதிக்கவைத்துக் கழுவாவிட்டால் உள்ளே நீர் நுரைக்கும், நீர்மட்டக் கண்ணாடி பொய் சொல்லும். சேஃப்டி வால்வு குறித்த அழுத்தத்தில் தூக்குகிறதா என்று கண்ணால் பார்த்தாக வேண்டும். ஆக, இவை காத்திருக்கும் நாட்கள் அல்ல. பாய்லரை நிறுவும் வேலையின் பாதி.

“கம்பெனியிலேயே சோதித்து அனுப்பியதுதானே?” என்பீர்கள். சோதித்தது பாய்லரை, இங்கே நீங்கள் பொருத்திய குழாயையோ, ஊற்றப்போகும் உப்புத் தண்ணீரையோ அல்ல. “நீர் குறைந்தால் தானாக நின்றுவிடும்” என்பீர்கள். நிற்பது காற்றாடி மட்டும். எரிகிற விறகுக்கு சுவிட்ச் கிடையாது. கனலும் சூடான செங்கலும் வறண்ட குழாயைத் தொடர்ந்து காய்ச்சும். “ஒரு நாள் தாமதமானால் எவ்வளவு நஷ்டம் தெரியுமா?” என்பது உங்கள் வலுவான வாதம். அவசரத்தின் நஷ்டத்தையும் கணக்கிடலாம். 10 கிலோ அழுத்தத்தில் உள்ளே இருக்கும் நீர் 180 டிகிரியைத் தாண்டியிருக்கும். பாய்லரின் ஓடு பிளந்தால் அதில் ஒரு பகுதி அந்தக் கணமே ஆவியாகும்; அப்படி ஆவியாகும் ஒவ்வொரு லிட்டரும் சுமார் 1,600 லிட்டராக விரியும். 1905 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் பிராக்டன் நகரக் காலணித் தொழிற்சாலையில் பாய்லர் வெடித்து 58 பேர் இறந்தார்கள்; 1907-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் பாய்லர் விதிகளை எழுதியது. நெய்வேலியில் 2020 மே 7, ஜூலை 1 என இரண்டு மாதத்துக்குள் ஒரே அனல்மின் நிலையத்தில் இரண்டு பாய்லர் விபத்துகள். நீங்கள் சிவப்பு நாடா என்று சலித்துக்கொள்ளும் விதிகளுக்குப் பின்னால் இத்தகைய கணக்குகளே இருக்கின்றன.

ஆகவே ஒரு சமரசம். நல்ல நேரத்தில் தேங்காய் உடையுங்கள், ரிப்பன் வெட்டுங்கள், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துங்கள். மெயின் வால்வைத் திறக்கும் நேரத்தை மட்டும், இன்ஸ்பெக்டரின் சான்றிதழ் வந்த பிறகு, தகுதிச் சான்று பெற்ற பாய்லர் ஆபரேட்டர் குறிக்கட்டும். அவர் “இன்னும் ஆகலை” என்றால், விருந்தினருக்கு இன்னொரு காபி கொடுங்கள். உங்கள் திட்டச் செலவிலேயே மலிவான பாதுகாப்புக் கருவி அதுதான்.

இப்படிக்கு,
முகூர்த்தத்துக்கு எதிரி அல்லாத ஒருவர்