முள்ளுக்குக் குளிர்

ஏற்காட்டில் எந்தச் சாமான் பழுதானாலும் முதல் குற்றவாளி பனிமூட்டம், இரண்டாவது குரங்கு. பழுது பார்க்கிற மீட்டரை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஒண்டிக்கடைப் பக்கம் எங்களுக்கு ஒயரிங் பார்க்கும் அண்ணன் வைத்திருப்பது பழைய முள் மீட்டர். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளும் பஸ்ஸில் குலுங்கி ஏறி வந்தது. சீட்டில் உட்கார்ந்து வருகிறவனுக்கே குடல் கழன்றுவிடுகிறது, உள்ளே இருக்கிற நட்டு என்ன பாடுபடும்?

மிக்ஸி ஓடவில்லை என்று கூப்பிட்டிருந்தோம். பிளக் பாயின்ட்டில் முள் 230-க்குப் போனது, சரிந்தது, மறுபடி துள்ளியது.

"உள்ள லைன் போச்சு சார். சுவத்தை உடைக்கணும்."

சுவர் என்னுடையது. "அதுக்கு முன்னாடி மீட்டரோட ரெண்டு ஒயரையும் முட்டிப் பாருங்கண்ணே" என்றேன்.

ஓம்ஸில் வைத்து இரண்டு நுனியையும் முட்டினால் முள் பூஜ்யத்தில் போய்ப் படுக்க வேண்டும். படுத்தது. மீட்டரில் ஒயர் செருகும் சாக்கெட் பக்கம் லேசாக ஆட்டினார். எழுந்து உட்கார்ந்துகொண்டது.

"மீட்டரே பொய் சொல்லுதாண்ணே?"

"பொய்யெல்லாம் சொல்லாது சார். அதுக்குக் குளிருது."

பின்மூடியைக் கழற்றினோம். பேட்டரி ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருந்தது. ஃபியூஸைக் கவ்வ வேண்டிய கிளிப் வாய் பிளந்து கிடந்தது. சாக்கெட்டுக்குப் பின்னால் இருந்த நட்டு, ஸ்பானரே வேண்டாம், விரலுக்கே சுற்றியது. பித்தளை நட்டை வீராப்பாக இறுக்கவும் கூடாது. மரை போய்விட்டால் ஆயுசுக்கும் லூஸ்தான்.

அண்ணனை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. 2011 செப்டம்பரில் இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ மலைக்கடியில் இருக்கும் ஓபரா ஆய்வுக் குழு, ஜெனீவா பக்கத்துச் செர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்து சுமார் 730 கிலோமீட்டர் பூமிக்குள்ளேயே வந்த நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோசெகண்ட் முந்திவிட்டதாக அறிவித்தது. அண்ணன் உடைக்கப் பார்த்தது சுவரை, இவர்கள் உடைக்கப் பார்த்தது ஐன்ஸ்டீனை. மறுவருடம் பிப்ரவரியில் குட்டு உடைந்தது. ஜிபிஎஸ் நேரத்தைக் கொண்டுவரும் ஃபைபர் கேபிளின் கனெக்டர் சரியாக இறுக்கப்படவில்லை. பாவம், "நீங்களும் சரிபாருங்கள்" என்று கேட்டுக்கொண்டுதான் அறிவித்திருந்தார்கள். அண்ணன் அதுவும் கேட்கவில்லை.

இந்த லூஸ் கனெக்‌ஷன் கைங்கரியத்தில் எங்கள் மலைக்கும் பங்கு உண்டு. சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் மேட்டூர் ஆலைக்குப் போய் அலுமினியமானது. அலுமினிய ஒயரை ஸ்குரூவில் எவ்வளவு இறுக்கினாலும், சூடேறி ஆற ஆற நசுங்கிக்கொடுத்து, மேலே ஆக்சைடும் படிந்து, தானாகவே தளரும். உலகத்து லூஸ் கனெக்‌ஷனுக்கு மூலப்பொருள் அனுப்பிவிட்டு, இங்கே குரங்கைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

நட்டை இறுக்கி, ஸ்பிரிங்கை உப்புத்தாளால் தேய்த்து மாட்டியதும் பாயின்ட்டில் முள் ஆடாமல் 230-இல் நின்றது. சுவர் தப்பித்தது. கோளாறு மிக்ஸியின் பிளக்குக்குள் இருந்தது. அங்கேயும் ஒரு ஸ்குரூதான்.

கூலி சொல்லும்போது மீட்டர் ரிப்பேரையும் சேர்த்துச் சொன்னார்.

"அது உங்க மீட்டராச்சே அண்ணே?"

"உங்க வீட்ல வெச்சுத்தானே சார் கெட்டுச்சு."