"அது ரோட்டுச் சத்தம் மாமா"

கியர் பாக்ஸ் முனகத் தொடங்கியதும் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைக்கிற கார்காரர் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். பின் சீட்டு மாமனார், "என்ன மாப்ள, ஙொய்னு ஒரு சத்தம் வருதே?" என்றால், "அது ரோட்டுச் சத்தம் மாமா" என்பார். வண்டி வாசலில் நிற்கும்போதும் அதே பதில்தான். பல்லி கத்தினால் பயணத்தைத் தள்ளிப்போடுகிறவர், பேரிங் கத்தினால் கண்டுகொள்வதில்லை. இவரை விவரம் தெரியாதவர் என்பார்கள். கஞ்சர் என்பவர்களும் உண்டு. இரண்டும் தப்பு. அந்தப் பெட்டிக்குள் என்ன கோளாறு என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்த மெக்கானிக்குக்கும் தெரியாது. அதை இன்னொருவர் வாயால், அதுவும் தொகையோடு கேட்கத்தான் அவருக்குப் பயம்.

அவர் ஓட்டுகிற விதமே இதற்குச் சாட்சி. ரிவர்ஸ் சரியாக விழாததால், கல்யாண மண்டபத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், நேராகப் புகுந்து நேராக வெளியேறக்கூடிய இடமாகப் பார்த்துப் பிடித்துவிடுவார். சொந்தக்காரர்கள் அதை நேரந்தவறாமை என்று மெச்சுவார்கள். மூன்றாவது கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடும் என்பதால் இடது கை கியர் ராடை விட்டு அகலாது. பார்க்கிறவர்களுக்கு அது ஸ்டைல். சிக்னலில் கிளட்ச்சை மிதித்தபடியே நிற்பார், ஏனென்றால் மிதித்தால் சத்தம் நிற்கிறது. நியூட்ரலில் வருகிற சத்தம் கிளட்ச்சை மிதித்ததும் அடங்கினால் பெரும்பாலும் கியர் பாக்ஸுக்குள் பேரிங் தேய்ந்திருக்கிறது. மிதிக்கும்போது மட்டும் வந்தால் ரிலீஸ் பேரிங் மேல் சந்தேகப்படலாம். மெக்கானிக்குக்கு இது பரிசோதனை, இவருக்கு இதுவே வைத்தியம். அந்த வைத்தியத்தில் ரிலீஸ் பேரிங்கும் சேர்ந்து தேய்வது தனிக்கதை. மேட்டில் ஆர்.பி.எம். முள் எகிறும், வேக முள் அசையாது, கருகல் நாற்றம் வரும். கிளட்ச் பிளேட் வழுக்குகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அவரோ முன்னால் போகிற லாரியைக் கைகாட்டுவார். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் லாரியே இல்லாவிட்டால், "யாரோ குப்பை கொளுத்துறாங்க" என்பார்.

அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பல கார்களில் ரிவர்ஸுக்கு, கியர்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கிற சிங்க்ரோ கிடையாது. கிளட்ச்சை மிதித்த வேகத்தில் தள்ளினால் நல்ல வண்டியும் கறகறக்கும், இரண்டு விநாடி பொறுத்துப் போட்டால் சரியாகிவிடும். வண்டிக்கடியில் சொட்டுகிற தெளிந்த நீர் ஏசி தண்ணீர்தான். ஆனால் ஏசியே போடாத மார்கழிக் காலையில், பிசுபிசுவென்று கந்தக நெடியோடு சொட்டுவதையும் ஏசி தண்ணீர் என்கிறாரே, அங்கேதான் இடிக்கிறது. "பெட்டியைத் திறந்தா இல்லாததையும் சேர்த்து எழுதிடுவாங்க" என்பது அவருடைய பெரிய வாதம். அப்படி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. அதற்காக இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டலாம். காட்டாமலே இருப்பதில் என்ன லாபம்? கசிகிற ஆயில் சீலை மாற்றுவது சின்ன வேலை. ஆயில் வற்றிய பிறகு பேரிங், கியர்ப் பல் என்று ஒவ்வொன்றாகக் கழலும். கிளட்ச் பிளேட்டை ரிவெட் தெரியும் வரை ஓட்டினால் ஃப்ளைவீலிலும் கீறல் விழும். பேரிங்குக்கானாலும் கிளட்ச்சுக்கானாலும் கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும்; இறக்குகிற கூலி சீக்கிரம் போனாலும் ஒன்றுதான், தாமதமாகப் போனாலும் ஒன்றுதான்.

ஆட்டோமேட்டிக் வந்தால் இந்த இனம் அழிந்துவிடும் என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள். 2014-இல் செலரியோவோடு நம் ஊருக்கு வந்த ஏ.எம்.டி.யில் காலுக்கு கிளட்ச் இல்லையே தவிர, உள்ளே அதே பிளேட்தான் இருக்கிறது. மேட்டில் பிரேக் போடாமல் ஆக்ஸிலேட்டரிலேயே வண்டியை நிறுத்திப் பிடித்தால் அதுவும் கருகும். டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் 'டி' போட்டு இரண்டு விநாடி கழித்து ஒரு குலுக்கலோடு கிளம்பினால், சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கருத்துவிட்டதா என்று பார்க்கச் சொல்வார்கள். நம்மவர், "வண்டி யோசிச்சு எடுக்குது" என்று பெருமைப்படுகிறார்.

கடைசியில் அவரும் செலவு செய்யத்தான் செய்கிறார்: வாட்டர் வாஷ், பாலிஷ், புது சீட் கவர், பிறகு "சிங்கிள் ஓனர்" என்று ஒரு விளம்பரம். ஓட்டிப் பார்க்க வருகிறவருக்காக வண்டியைத் தெருவைப் பார்த்து நிறுத்தி, எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி, மேடு பள்ளமில்லாத சாலையாகவும் தேர்ந்து வைத்திருப்பார். வந்தவர் விவரமானவராக இருந்தால், "அண்ணே, கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க பாப்போம்" என்பார். அடுத்த நொடியே விலையில் இருபதாயிரம் இறங்கிவிடும்.