ஆஜியின் முழங்கால்

பாஷை கற்றுத்தருகிறேன் என்று பட்டியல் போடுகிறவர்களில் ஒருவருக்காவது பாட்டி இருந்திருப்பாரா என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். போன வாரக் காதுகுத்தோடு அது தீர்ந்தது. இருந்திருக்கவே முடியாது.

அண்ணன் மகளுக்குப் புனேயில் வேலை, அங்கேயே மராத்திக்கார மாப்பிள்ளை. குழந்தைக்கு மொட்டையும் காதுகுத்தும் மருங்காபுரியில் குலசாமி முன்னால்தான் என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார். மாப்பிள்ளையின் பாட்டியும் வருகிறார் என்று தெரிந்ததும் மகள் வாட்ஸாப்பில் ஒரு பட்டியல் அனுப்பினாள். பாட்டியோடு பேச அன்றாட மராத்தி. அண்ணி அதைத் துவரங்குறிச்சியில் அச்செடுத்து வந்து தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். ஆஜி என்றால் பாட்டி. ‘ஜேவண் ஜால கா’ என்றால் சாப்பாடு ஆச்சா. ‘தப்யேத் கஷி ஆஹே’ என்றால் உடம்பு எப்படி இருக்கிறது. எதிரே பதிலும் போட்டிருந்தது: ‘பரீ ஆஹே.’ நன்றாக இருக்கிறது.

மராத்தியைச் சுலபமாகப் பிடிக்க ஒரு வழி உண்டு, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். வருகிறேன். அதற்குமுன் இந்த ‘நன்றாக இருக்கிறது’ என்னும் அயோக்கியத்தனத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

உலகத்தில் எந்தப் பாட்டி அப்படிச் சொல்லி நிறுத்தியிருக்கிறாள்? எங்கள் அப்பத்தாவிடம் “உடம்பு எப்படி இருக்கு?” என்று கேட்டால் முதலில் “என்னத்தச் சொல்ல” என்பாள். நாம் மரியாதையாக எழுந்துவிட வேண்டிய இடம் அது. எழுந்திருக்காவிட்டால் முழங்கால் வரும். முழங்காலிலிருந்து இடுப்பு. இடுப்பிலிருந்து மணப்பாறை டாக்டர். அவர் கொடுத்த சிவப்பு மாத்திரை வயிற்றை எரிக்கிறது, அதற்காக ஒரு வெள்ளை மாத்திரை. அந்த வெள்ளை மாத்திரையை மருமகள் எங்கேயோ வைத்துத் தொலைத்துவிட்டாள். அவள் பிறந்த வீட்டிலேயே எதையும் வைத்த இடத்தில் வைக்கிற பழக்கம் கிடையாது, பெண் பார்க்கப் போன அன்றைக்கே சொம்பைத் தேடினார்கள். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று அப்போதே தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், உங்கள் தாத்தா கேட்டாரா? அவர் எதைத்தான் கேட்டார், வரப்புத் தகராறில் பங்காளி பக்கம் பேசியவர்தானே அவர்! இங்கிருந்து கிணறு, கிணற்றிலிருந்து கோர்ட்டு, கோர்ட்டுக்கு நடந்து நடந்துதான் இந்த முழங்கால் போயிற்று. இப்படி ஒரு சுற்று சுற்றி முழங்காலுக்கே வந்து சேர்ந்தபின், “நீ சாப்பிட்டியாடா?” என்பாள். இவ்வளவும் சேர்ந்ததுதான் ‘உடம்பு எப்படி’ என்பதற்குப் பதில். பட்டியல்காரருக்கு இது இரண்டு வார்த்தை!

ஆஜி வந்து இறங்கினார். அண்ணன் கைகூப்பி, ஒத்திகை பார்த்ததை ஒரு பிசகும் இல்லாமல் கேட்டார். இந்தக் கரட்டுக்காட்டில் தன் பாஷையில் ஒரு மனிதர் உடம்பை விசாரிக்கிறாரே என்று ஆஜிக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. அண்ணனுக்குத் தெரிந்த மிச்ச மராத்தி ‘ஹோ’ மட்டும். ஆமாம் என்று அர்த்தம். எல்லாவற்றுக்கும் ஹோ போட்டார். நடுவில் முகம் வெளுத்து என் காதில் சொன்னார்: “டேய், குட்கா கேக்குறாங்கடா.”

அண்ணன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வருஷா வருஷம் பிள்ளைகளுக்குப் புகையிலை எதிர்ப்பு உறுதிமொழி சொல்லிக்கொடுத்தவர். தமிழ்நாட்டில் 2013-இல் தடைசெய்த சரக்கு. ஆனாலும் சம்பந்தி வீட்டு மனுஷி வாய்திறந்து கேட்டுவிட்டாரே! ஹோ என்று வேறு சொல்லியாகிவிட்டது. பெட்டிக்கடைக்கு ஆள் அனுப்பலாமா என்று அவர் தவித்துக்கொண்டிருந்தபோது, ஆஜி தன் காலைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். முழங்காலுக்கு மராத்தியில் அதுதான் பேர், தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் விழும். பட்டியலை ஓடிப்போய்ப் பார்த்தேன். ரயில் நிலையம் எங்கே இருக்கிறது, உருளைக்கிழங்கு என்ன விலை, எல்லாம் இருந்தது. முழங்கால் இல்லை.

மராத்தியர்கள் நம் பக்கம் வராதவர்களா? 1741-இல் திருச்சிக் கோட்டையைப் பிடித்து, சந்தா சாகிபைச் சிறையெடுத்து, முராரி ராவைக் காவல் வைத்துவிட்டுப் போனார்கள். 1743-இல் நிஜாம் வந்து காலிசெய்ய வைக்கும்வரை இங்கேதான் இருந்தார் மனிதர். போகிற போக்கில் சுற்றுவட்டாரத்துக்கு நாலு வார்த்தை சொல்லிக்கொடுத்திருக்கலாம். தஞ்சாவூர்க்காரர்களுக்குக் கொடுத்துவைத்திருந்தது. சிவாஜியின் தம்பி ஏகோஜி தொடங்கி 1855 வரை அங்கே போன்ஸ்லே ஆட்சி. பெரிய கோயில் சுவரிலேயே 1803-இல் சரபோஜி தன் வம்ச வரலாற்றை மராத்தியில் நீள நெடுக வெட்டிவைத்தார். அதிலும் முழங்கால் இருக்காது, ராஜாக்கள் குதிரையில் போகிறவர்கள்.

மறுநாள் ஸ்ரீரங்கம். ஏழு பிரகாரமும் அந்த முழங்காலும் ஒத்துப்போகாது என்பதால், தரிசனம் முடிந்ததும் அண்ணனுக்குத் தெரிந்த ராயர் வீட்டில் இளைப்பாறினோம். வீட்டில் தலைமுறை தலைமுறையாகத் தஞ்சாவூர் மராத்தி. அந்த மாமி மொழிபெயர்ப்பார், நம் மானம் தப்பும் என்று அண்ணன் நம்பினார். மாமி வாயைத் திறந்ததும் ஆஜி பேரனைத் திரும்பிப் பார்த்தார். இது என்ன பாஷை என்று கேட்கிறார் என்பது யாரும் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. முந்நூறு வருஷத்துக்கு மேல் காவிரித் தண்ணீர் குடித்த மராத்தி, பாதிக்குப் பாதி தமிழ் கலந்து வந்தது. அப்புறம் மாமியும் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். அவ்வளவுதான். சாயங்காலம்வரை அவரவர் மராத்தியில் அவரவர் முழங்காலைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் கேள்விக்கு இன்னொருவர் பதில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அண்ணன் ஓரமாக உட்கார்ந்து இருவருக்கும் பொதுவாக ஹோ சொல்லிக்கொண்டிருந்தார்.

பட்டியல் போடும் புண்ணியவான்களே, உங்களுக்கு ஒரு விண்ணப்பம். பாட்டியிடம் கேட்பதற்குக் கேள்வி எழுதித்தராதீர்கள். பதில் வரும்போது எங்களைக் காப்பாற்ற நீங்கள் பக்கத்தில் இருப்பதில்லை. ‘அடடா’, ‘அப்படியா’, ‘அப்புறம் டாக்டர் என்ன சொன்னார்’, இந்த மூன்றை மட்டும் எந்தப் பாஷையிலும் கொடுங்கள், போதும். உருளைக்கிழங்கை நாங்கள் விரலைக் காட்டி வாங்கிக்கொள்கிறோம்.