அடுத்தவர் சிக்கனம்

சிக்கனம் எப்போதும் அடுத்தவர் சாமானில்தான் ஆரம்பிக்கும். எங்கள் ஊர் மங்களூர். கடற்கரையில் இருக்கிற கர்நாடக மங்களூர் இல்லை. திட்டக்குடிப் பக்கம், மானாவாரி மக்காச்சோளம் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிற மங்களூர். மழை கைவிட்ட வருஷங்களில் எங்கள் வீட்டில் கூட்டம் கூடும். விலை குறைந்த சாமானுக்கு மாற வேண்டும் என்பதில் எல்லோரும் ஒரே கட்சி. யாருடைய சாமான் என்பதில்தான் சண்டை.

மனைவி முதலில் கைவைத்தது என் காபியில். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால், மலிவைத் தேடிப் போகும் பொறுப்பு அவளுடையது. காபித்தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி கலக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அதில் ஒரு சதவீதம்கூட விட்டுக்கொடுக்காத தூளாகப் பார்த்து வாங்கி வந்தாள். டிகாஷன் மை மாதிரி இறங்கியது. கசப்பு இருந்தது, காபியைத்தான் காணோம். “நல்லாத்தானே இருக்கு?” என்றாள், டீ மட்டுமே குடிக்கிறவள்.

பதிலுக்கு நான் அவள் குளியல் சோப்பைப் பிடித்தேன். முதல் தரச் சோப்பில் டி.எஃப்.எம். எனப்படும் கொழுப்புப் பொருள் 76 சதவீதம் இருக்க வேண்டும். மூன்றாம் தரத்துக்கு 60 போதும். மூன்றாம் தரம் வந்தது. ரெண்டே நாளில் டப்பாவில் கொழகொழவென்று கூழாகிக் கிடந்தது. “கரண்டி எங்கேங்க? குளிக்கணும்” என்று கேட்டாள்.

அடுத்து அம்மா. கார்த்திகைக்கு விருத்தாசலத்துப் பீங்கான் அகல் எதற்கு, மண் அகல் போதுமே என்றேன். “அது குடிக்கிற எண்ணெய்க்கு யாருடா காசு குடுக்கிறது?” என்றவள், எதிர்த் தீர்மானமும் கொண்டுவந்தாள்: ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் கிடைக்கிறது, சமையல் மொத்தமும் அதிலேயே நடக்கட்டும், சாமிக்கு மட்டும் நல்லெண்ணெய். சாமி அங்கம் வகிக்கும் கட்சியை எதிர்த்து யார் ஓட்டுப் போடுவது?

மகன் தன் டேட்டா பேக்கைக் காப்பாற்ற, தாத்தாவின் வெற்றிலைச் செலவைக் கணக்குப் போட்டுக் காட்டினான். தாத்தாவுக்கு அன்று காது கேட்கவில்லை.

கடைசியில் ஒரே ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: நான் வாங்கும் வாரப் பத்திரிகையை நிறுத்துவது. கட்டுரை எழுதி அனுப்பினால் அவர்களே ஒரு பிரதி சும்மா அனுப்புவார்களாம். அந்த யோசனை மனைவியுடையது. இந்தக் கட்டுரைக்குக் காரணமும் அதுதான்.