பாதாள பைரவி அண்ணாச்சி

கக்கத்தில் அல்வாக்கடைப் பை இடுக்கியிருப்பார். உள்ளே அல்வா இருக்கும் என்று நம்பி நெருங்கிப்போய் மாட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். பைக்குள் இருப்பது இருநூறு பக்க நீள நோட்டு. அதில் 'பாதாள பைரவி' படத்தின் முழுத் திரைக்கதை.

சினிமாவைப் பார்க்கிறவர்கள் உண்டு, பாடுகிறவர்கள் உண்டு. தென்காசி அண்ணாச்சி படத்தை வாசிக்கிற ஜாதி. இந்த ஜாதி எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆனால் குற்றாலம் பக்கத்தில் இருப்பதால் இவருக்கு மட்டும் ஆள் பஞ்சமே கிடையாது.

படம் வந்தது 1951-ல். விஜயா புரொடக்‌ஷன்ஸ் தயாரிப்பு, கே.வி. ரெட்டி இயக்கம், பிங்கலி நாகேந்திர ராவ் கதை, தமிழில் தஞ்சை ராமையாதாஸ் வசனம். இவர்களையெல்லாம் தன் ஒன்றுவிட்ட சித்தப்பாமாரைப்போல்தான் அண்ணாச்சி பேசுவார். "1952-ல பம்பாயில உலகப்பட விழா நடந்துதுல்லா, அதுக்கு நம்ம படமும் போச்சு வே" என்று அவர் சொன்னால், கூடவே அவரும் போய்வந்த மாதிரி இருக்கும்.

நோட்டில் இடது பாதி காமிரா, வலது பாதி வசனம். என்.டி.ஆருக்கு நீல மை. ரங்கா ராவின் நேபாள மாந்திரிகனுக்குச் சிவப்பு. இளவரசிக்கு வெறும் பென்சில்தான். "அந்தப் பிள்ள சும்மா அழத்தான வருது, மை எதுக்கு?" 'புகை' என்று வருகிற இடத்திலெல்லாம் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு.

டி.வி.டி.யை நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுதியது அது. சாரலில் நனைந்து மூன்று தடவை பெயர்த்தெழுதினார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் செப்பனிட்டார். இப்போது டிவியில் படம் ஓடினால், "இந்த இடம் தப்பு, ஸ்கிரிப்டுல இப்படி இல்ல" என்று எழுந்து நின்று கத்துகிறார். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி., கம்பனில் தனக்கு ஒப்பாத பாட்டுகளை இடைச்செருகல் என்று ஒதுக்கியவர். ஊர்த் தண்ணீர் அப்படி.

வீட்டில் வாசிக்க முடியாது. சிலைக்குள்ளிருந்து பைரவி தோன்றி வரம் கொடுக்கும் கட்டம் வந்ததும், "அவகிட்ட கேட்டு ஒரு சிலிண்டர் வாங்கித் தாங்க" என்று அடுக்களையிலிருந்து குரல் வரும்.

அதனால் அருவிதான். ஆடிச் சாரலில் மெயினருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுவிட்டால் வந்தவர்கள் முகமெல்லாம் தொங்கிப்போகும். அண்ணாச்சி முகம் மட்டும் பளிச்சென்று ஆகும். ஈரத்துண்டோடு நடுங்கிக்கொண்டு நிற்கிற நூறு பேர் எங்கே ஓடுவார்கள்? "சும்மாதான நிக்கியோ, ஒரு சீன் கேளுங்க" என்று பையைப் பிரிப்பார்.

மற்ற காட்சிகளைச் சுமாராகத்தான் வாசிப்பார். சண்டைக் காட்சிகளில் பக்கத்தைப் புரட்டிவிடுவதும் உண்டு. தாடிக் காட்சி வேறு. மாந்திரிகனின் சக்தியெல்லாம் தாடியில் இருக்கிறது. இளவரசிக்குப் பிடிக்கவில்லை என்று ஏமாற்றி அதை மழிக்க வைக்கிறான் கதாநாயகன் ராமன், அதாவது என்.டி.ஆர். அண்ணாச்சி தோளில் கிடக்கிற ஈரிழைத் துண்டை எடுத்து முகவாயில் தொங்கவிட்டுக்கொள்வார். குரல் தடித்து ரங்கா ராவாகவே ஆகிவிடும். பிறகு துண்டு ஒவ்வொரு விரற்கடையாக வழுகும். குரலும் கூடவே இறங்கும். துண்டு தரையில் விழும்போது அங்கே நிற்பது பெண்ணுக்காக எல்லாவற்றையும் தொலைத்த ஒரு கிழவன்தான். கையில் எண்ணெய் வடிய மசாஜ்காரர் ஒருவர் தேய்க்க மறந்து நின்றதை நானே பார்த்தேன். பலகையில் குப்புறக் கிடந்தவரும் தலையைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அந்தக் காட்சியின் நடுவில்தான் போலீஸ் விசில் அடித்தது. தடை நீங்கிவிட்டது. கூட்டம் அருவிக்கு ஓடியது. நான் துண்டு விழும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் போனேன். அதற்குள் மறுபடியும் வெள்ளம் வந்து தடை போட்டுவிட்டார்கள்.