நாலு கைப்பிடிக்காரர்

ஈரோட்டில் டீசல் ஷெட்டும் உண்டு, எலக்ட்ரிக் ஷெட்டும் உண்டு. ஆகவே ரிட்டயர் ஆன ரயில்வேக்காரர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. பெரும்பாலோர் கோயில் கமிட்டி, காலை வாக்கிங், பேரனை ஸ்கூலில் கொண்டுபோய் விடுவது என்று அமைதியாகிவிடுவார்கள். அமைதியாகாத ரகம் ஒன்று உண்டு. கொல்லம்பாளையம் பக்கம் ஏதாவது மாடி ரூமிலிருந்து ‘ம்ம்ம்ம்’ என்று முனகல் கேட்டால், யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பதறாதீர்கள். பொம்மை ரயிலுக்குக் கரண்ட் போய்க்கொண்டிருக்கிறது.

முனகுவது ‘லயனல் இசட்.டபிள்யூ.’ டிரான்ஸ்ஃபார்மர். நியூயார்க்கில் ஜோஷுவா லயனல் கோவன் 1900-இல் தொடங்கிய பொம்மை ரயில் கம்பெனி, 1948-இல் இறக்கிவிட்ட கறுப்பு ராட்சசன். அமெரிக்காவிலிருக்கும் மகன் “என்னப்பா வேணும்?” என்று கேட்டால் மற்ற அப்பாக்கள் பி.பி. மெஷின் கேட்பார்கள். நம் மாடி ரூம்காரர் இதைக் கேட்டார். அந்த வருஷம் சூட்கேஸில் சாக்லேட்டுக்கு இடமில்லை.

கையில் வந்ததும் சுவிட்சைத் தேடவில்லை, தூக்கிப் பார்த்தார். “கனத்தைப் பாருங். இப்ப வர்றதெல்லாம் ஊதுனாப் பறந்துருமுங்.” இந்த ரகத்தாருக்குத் தரம் என்பது கிலோவில் அளக்கும் சங்கதி.

ஆனால் அது அமெரிக்க வீட்டின் 115 வோல்ட்டுக்குப் பிறந்தது. நம் பிளக்கில் 230. சொருகினால் அதோடு காரியம் முடிந்துவிடும். நேராக மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போனார்.

“எத்தன ஹெச்.பி. மோட்டாருங் சார்?”

“மோட்டார் இல்லீங். ரயிலு.”

வைண்டிங்காரர் நிமிர்ந்து பார்த்தார். கிணற்று மோட்டார்களுக்கே காயில் கட்டிப் பழகியவர். இவர் விடவில்லை. “110-க்கு மேல ஏத்திப்போடாதீங். 60 சைக்கிளுக்குச் செஞ்ச இரும்புங். நம்ம 50-ல ஓட்டுனா சூடேறும்.” அதைக் கேட்டதும் வைண்டிங்காரர் டீ சொன்னார். ஆக, டிரான்ஸ்ஃபார்மருக்கே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் ஏற்பாடாயிற்று.

இந்தப் பெட்டியின் மகிமையே நாலு கைப்பிடிதான். இரு ஓரத்திலும் பெரிய லிவர், நடுவில் இரண்டு சின்னக் குமிழ். ஒவ்வொன்றிலும் 6 வோல்ட்டிலிருந்து 20 வரை தனித்தனியாகத் தரலாம். மேஜை மேல் நாலு வட்டப் பாதை. ஒவ்வொன்றிலும் மூன்று தண்டவாளம், நடுவில் உள்ளதில்தான் கரண்ட். இன்ஜினின் விலாவில் பென்சில்வேனியா என்று எழுதியிருந்தாலும் இவர் சாசனப்படி முதல் பாதையில் ஓடுவது சேரன், இரண்டாவதில் ஏற்காடு, மூன்றாவதில் கூட்ஸ், நாலாவதில் நீலகிரி. வேகத்தைக் கூட்டு என்று சொல்லமாட்டார். ‘நாட்ச் எடு’ என்பார். ஷெட்டில் இவர் கைபட்ட டபிள்யூ.ஏ.பி.-4 இன்ஜினும் மேலே 25,000 வோல்ட்டை வாங்கி, 32 நாட்சாகப் பிரித்துத்தான் மோட்டாருக்குக் கொடுத்தது. “வேல ஒண்ணுதானுங், சைஸுதான் வேற.”

கைப்பிடிதான் நாலே தவிர, உள்ளே அவற்றுக்குக் கரண்ட் தரும் சுருள் ஒன்றுதான். 275 வாட் என்று மேலே போட்டிருப்பதும் அது இழுக்கும் கணக்கு. வெளியே வருவது அதற்கும் குறைவு. கூட்டுக் குடும்பத்துச் சம்பளம் மாதிரி, ஒருத்தர் அதிகம் எடுத்தால் அடுத்தவருக்குத் துண்டு விழும். சேரனின் பெட்டிகளில் அந்தக் காலத்து குண்டு பல்புகள். அவை எரிந்தால் ஏற்காடு நொண்டும். எல்.இ.டி. மாட்டினால் தீர்ந்துவிடும் என்று எதிர்வீட்டு டிப்ளமோ பையன் ஒருநாள் சொன்னான். அவனுக்கு அப்புறம் அந்த வீட்டில் காபி கிடையாது.

தடம் புரண்டு ஷார்ட் ஆனால் பெட்டியிலுள்ள பழைய பிரேக்கர் யோசித்து, நிதானமாகத்தான் விழும். அதற்குள் வயர் சூடாகிவிடும். ஆகவே பாதுகாப்புக்கு இவர் நம்புவது சொந்த மூக்கை. பேசிக்கொண்டே இருப்பவர் சட்டென்று நிறுத்தி இரண்டு தரம் மோந்து பார்ப்பார். விருந்தாளிகள் காலுறையை மறைத்துக்கொள்வார்கள்.

கீழேயிருந்து அவர் வீட்டு அம்மிணியின் குரல் வரும்: “ஏனுங்! கிரைண்டரப் போடட்டுமா, இல்ல சேரன் போயிறட்டுமா?”

கரண்ட் கண் சிமிட்டினால்தான் உச்சகட்டம். இந்த இன்ஜின்கள் ஒருதரம் கரண்ட் போய் வந்தால் நகராமல் நிற்கும்; இன்னொரு தரம் போய் வந்தால் பின்னால் ஓடும். அமைப்பே அப்படி. மழைநாளில் இரண்டு சிமிட்டு சிமிட்டியதும் நாலு எக்ஸ்பிரஸும் ஒற்றுமையாக ரிவர்ஸில் கிளம்பின. பேரன் கைதட்டிச் சிரித்தான். “அப்பாரு, சேரன் திரும்பி மெட்ராசுக்கே போவுது!”

புனே கோத்ரூடில் ஜோஷி என்பவர் அமைத்து, 1998-இல் திறந்த சிற்றுரு ரயில் காட்சியகம் இருக்கிறது. குடும்பத்தோடு அழைத்துப் போனார்கள். குட்டி நகரம், விளக்கு, ரயில்கள் என்று எல்லோரும் வாயைப் பிளந்து நின்றார்கள். இவரைக் காணோம். மேஜைக்கு அடியில் வயர் எப்படிப் போகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கேதான் குட்டு வெளிப்பட்டது. இவருக்கு ரயில் ஓடவேண்டும் என்பதெல்லாம் வெளிப்பேச்சு. நின்றால்தான் பிழைப்பு. கார்பன் ரோலர் தேய்ந்தால் முகத்தில் களை வரும். விசில் ஊதவில்லை என்றால் குரலே மாறிவிடும். ஏ.சி. மேல் துளி டி.சி.யைச் சேர்த்தால்தான் விசில் ரிலே இழுக்கும் என்றும், அதற்கான வட்டத் தகடு கெட்டிருக்கும் என்றும், கறிவேப்பிலை வாங்கப் போகும் வழியில் காய்க்காரருக்கே விளக்கிவிட்டு வருவார். கறிவேப்பிலை வராது.

போன பொங்கலன்று நடக்கக்கூடாதது நடந்தது. நாலு ரயிலும் காலையிலிருந்து ஒரு மூச்சு நிற்காமல், புரளாமல், விசில் பிசகாமல் ஓடின. வந்த சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். இவர் மட்டும் பொங்கலைத் தொடாமல், நாற்காலி நுனியில் உட்கார்ந்து அந்தப் பெட்டியையே முறைத்துக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்கு மேல் பொறுக்க முடியாமல் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

“நல்லாத்தானுங்க ஓடுது?” என்றார் அம்மிணி.

“அதான் சந்தேகமா இருக்குது. இம்புட்டு நல்லா ஓடுதுன்னா, உள்ள எங்கியோ கோளாறு இருக்கோணும்.”